நிமிர்வு என்ற பெயருக்கு ஓர் ஆட்சேபம்

உட்காருங்கள், ஜன்னல் ஓரமே உட்காருங்கள். எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு இந்த நான்கு மாதத்தில் ஒன்பது முறை போய்விட்டேன். எந்தப் பள்ளத்தில் வண்டி குதிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

தப்பாக நினைக்காவிட்டால் ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் இன்று காலையில் முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பைபாஸில், கண்ணாடிக் கதவு போட்ட கடையில். சரியா? எப்படித் தெரியும் என்கிறீர்களா? பின்கழுத்தில் மூன்று படியாக இறக்கி மிஷின் போட்டிருக்கிறான். காதுக்கு மேலே அளவுகோல் வைத்த மாதிரி ஒரு கோடு. அதெல்லாம்கூட வேண்டாம், அந்த வாசனை போதும். எலுமிச்சையும் ஆஸ்பத்திரியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நீங்கள் படியேறும்போதே எனக்கு வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் கைகூப்பி, "வணக்கம், நிமிர்வுக்கு வரவேற்கிறோம்" என்றாளா? சொல்லியிருப்பாள். சொல்லாவிட்டால் அவளுக்கு மதிப்பெண் குறையும். எப்படிக் கைகூப்ப வேண்டும், எத்தனை பல் தெரிய வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே ஒரு புத்தகம் இருக்கிறது.

அந்த நிமிர்வு என்ற பெயர் நான் வைத்த பெயர். அதைத் தன் பெயரில் பதிந்துகொள்ள ஒருத்தி மனுப் போட்டிருக்கிறாள். அதற்கு ஆட்சேபம் கொடுக்கத்தான் வக்கீலிடம் போய்க்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சாயங்காலத்தோடு கெடு முடிகிறது. யார் அந்த ஒருத்தி என்று நீங்கள் கேட்கவில்லை, நாகரிகமானவர். நானே சொல்கிறேன். என் மகள்.

முகத்தை அப்படிச் சுளிக்க வேண்டாம். மகள் என்பதற்காக விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் பரஞ்சோதி. எங்கள் ஊர் முடிதிருத்தும் தொழிலாளர் சங்கத்துக்கு இருபத்தெட்டு வருஷம் செயலாளர். பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. அந்தக் காலத்தில் கடைக்குக் கடை துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்ற கடைக்காரர்கள் அதைக் கிழித்து, சவரக் கத்தியிலிருந்து நுரையை வழித்துப் போட வைத்துக்கொள்வார்கள். நான் படித்துவிட்டுத்தான் வழிப்பேன். மற்ற கடைகளில் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று எழுதியிருக்கும். என் கடையில் 'பேசலாம்' என்று எழுதிப் போட்டேன். கிராமத்து வாழ்க்கையை நினைத்து ஏங்குகிற ஆள் நானில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வீட்டுக்குப் போய் வாசலில் குத்தவைத்துச் சவரம் செய்து, அறுப்புக்கு நாலு படி நெல் வாங்கிப் பிழைத்தவர் என் அப்பா. அவர் முதுகு எந்த ஊரில் எப்படி வளைந்தது என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கவும் மாட்டேன்.

எண்பத்தொன்றாம் வருஷம். எனக்கு இருபத்தேழு வயது. மார்க்கெட் பக்கத்தில் சின்னக் கடை, ஒரே நாற்காலி. அழகன் என்று ஒரு சுமைக்காரர், காலனிக்காரர், தக்காளிக் கூடை இறக்குகிறவர். ஒரு நாள் காலையில் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து மண்டி நல்லசிவம் உள்ளே வந்தார். ஊரில் பாதிக் கட்டடம் அவருடையது. அவர் எதுவும் சொல்லவில்லை. சும்மா நின்றார். அவர் நின்றால் போதும், மற்றவன் எழுந்திருக்க வேண்டும், அதுதான் ஊர் வழக்கம். அழகனை எழுந்திருக்கச் சொன்னது. அவர் எழுந்து வெளியே போய், ஒரு கன்னத்தில் நுரையோடு வெயிலில் நின்றார். நல்லசிவத்துக்கு முடி வெட்டி, சவரம் செய்து, அக்குள் எடுத்து, படிகாரம் தடவி முடிக்கும்வரை நின்றார். திரும்ப வந்து உட்கார்ந்தபோது நுரை காய்ந்து தோலில் ஒட்டிப்போயிருந்தது. "காஞ்சிருச்சுப்பா, தண்ணி தொட்டுக்க" என்றார். அவ்வளவுதான்.

எழுந்திருக்கச் சொன்னது யார் என்கிறீர்களா? கடையில் இருந்தவன் நான் ஒருவன்தானே. இதில் யார் என்பது முக்கியமில்லை. வழக்கம்தான் முக்கியம். அந்த வாரம் என் முதல் துண்டறிக்கையை எழுதினேன். 'நமதூரில் ஒரு கடையில் நடந்த கொடுமை' என்று தொடங்கும். எந்தக் கடை என்று எழுதவில்லை. துண்டறிக்கை கொள்கையைச் சொல்ல வேண்டும், விலாசத்தைச் சொல்லக் கூடாது.

வந்த வரிசைதான் வரிசை. யார் வந்தாலும் சரி, உட்கார்ந்தவன் எழுந்திருக்கத் தேவையில்லை. இதுதான் எங்கள் கோரிக்கை. கோரிக்கைகூட இல்லை, அறிவிப்பு. மண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கடைகளை ஒதுக்கிவைத்தார்கள். அதோடு விடவில்லை. சலூன் கந்தையா வரிசை பார்க்கிறானா, கந்தையாவின் கட்டடக்காரரைக் கூப்பிட்டுக் காலி செய்யச் சொல். மறுநாள் இன்னொருவன். தனித்தனியாகப் பிடித்து முறித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. முப்பத்தொரு கடைக்கும் ஒரே பெயர். எந்தக் கடை யாருடையது என்று போர்டைப் பார்த்தால் தெரியக் கூடாது. ஒன்றைத் தொட்டால் முப்பத்தொன்றும் மூடும். பெயர், நிமிர்வு. எல்லாருக்கும் ஒரே சிவப்புப் பலகை, வெள்ளை எழுத்து, ஒரு சாண் உயரம், கீழே கடை எண். என் கடை ஒன்று.

விதிகளும் நான்தான் எழுதினேன், அச்சடித்துக் கொடுத்தோம். தொழிலாளி வெள்ளைச் சட்டை போட வேண்டும். உள்ளே வருகிறவருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். 'சாமி', 'எசமான்' என்று யாரையும் கூப்பிடக் கூடாது, 'நண்பரே' என்றுதான் கூப்பிட வேண்டும். கண்ணாடிக்கு மேலே சங்கத்தின் வாசகம் இருக்க வேண்டும், வேறு படம் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை நானே கடை கடையாகப் போய்ச் சரிபார்ப்பேன். பன்னிரண்டாம் எண் கடையில் எழுத்தை நீல நிறத்தில் எழுதிவைத்திருந்தான். பெயரைப் பிடுங்கினோம். ஒரு மாதம் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தான், ஓர் ஆள் போகவில்லை, அழுதுகொண்டு வந்தான். கட்டுப்பாடு என்றால் அதுதான், நண்பரே.

சந்தனமுத்து என்று ஒருவன், ஒன்பதாம் எண். அவன் கடைக்கு 'ராஜாமணி சலூன்' என்று பெயர். ராஜாமணி அவன் பொண்டாட்டி, அதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் செத்துப்போனாள். அவன் மட்டும் மாற்றமாட்டேன் என்றான். விடிவதற்குள் ஆள் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்குள்தான் படுத்திருந்தான். எழுந்து வந்தான். தடுக்கவில்லை. "வெள்ளை அடிச்சு அழிச்சிராதீங்கப்பா, அந்த எழுத்து மேலயே எழுதிக்கங்க" என்றான். சரி, அப்படியே எழுதினோம். உச்சி வெயில் அடிக்கும்போது சிவப்புக்குள்ளே 'மணி' கொஞ்சம் தெரியும். அடுத்த முறை சரிபார்க்கப் போனபோது அதையும் கண்டித்தேன்.

நாற்பத்துமூன்று நாள் அப்படி நின்றோம். ஆவணி வந்தது, முகூர்த்தம் வந்தது. மண்டிக்காரர்கள் எல்லாம் சாமியார் மாதிரி தாடியோடு தக்காளி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லசிவத்தின் மூத்த மகனுக்குக் கல்யாணம். முதல் நாள் என் கடைக்கு வந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர், அதில் இரண்டு பேர் சுமைக்காரர்கள். உட்கார்ந்தார். ஊரே தெருவில் நின்று பார்த்தது. நான் கத்தியைத் தீட்டிக்கொண்டேயிருந்தேன், அவசரப்படவில்லை.

அழகனா? அவர் வரவில்லை. அந்த நாளுக்கப்புறம் அவர் என் கடைக்கு வந்ததே இல்லை. வேறு கடையில் வெட்டிக்கொண்டார். எங்கே போனால் என்ன, வரிசை எல்லாக் கடையிலும் ஒன்றுதானே.

இதுதான் நிமிர்வு. இப்போது சொல்லுங்கள், இந்தப் பெயரை எலுமிச்சை வாசனைக்குள் கொண்டுபோய் வைக்கலாமா?

மகளுக்குக் கனல்மொழி என்று பெயர் வைத்தேன். கோயமுத்தூரில் வியாபாரப் படிப்புப் படித்தாள். அங்கேயே ஒரு பெரிய சலூன் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை. போன வருஷம் திரும்பி வந்தாள். ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், வழுவழுப்பாக ஒரு புத்தகத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாற்பது பக்கம்.

"என்னம்மா இது?"

"பிராண்ட் கையேடுப்பா. நம்ம கடைக்கு."

புரட்டினேன். எந்தச் சிவப்பு, அதற்கு ஒரு நம்பர். எழுத்து எவ்வளவு உயரம், சுவரில் எங்கே. ஆள் வந்தால் என்ன சொல்ல வேண்டும், போனால் என்ன சொல்ல வேண்டும். வேலை செய்கிறவன் நகம், சட்டை, செருப்பு. ஒரு பக்கத்தில் 'நம் பிராண்டின் குரல்' என்று போட்டு, 'நட்பு, தன்னம்பிக்கை, புத்துணர்ச்சி' என்று எழுதியிருந்தது. குரலாம்! மனுசன் குரலைப் பிடுங்கிப் பலகைக்குக் கொடுக்கிறார்கள். சோறு இறங்கவில்லை எனக்கு. தமிழில் மட்டும் பதினேழு பிழை இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன். தமிழுக்காகச் செய்தது அது, வேறெதற்கும் இல்லை.

"நல்லா வெட்டினா ஆள் வரும். இதெல்லாம் எதுக்கும்மா?"

"நல்லா வெட்டறவங்க ஊர்ல முப்பது பேர் இருந்தாங்கப்பா. எட்டுக் கடை மூடியாச்சு. எங்க பழைய கம்பெனிக்காரன் பைபாஸ்ல இடம் பாத்துட்டுப் போயிருக்கான். அவன் வந்தா மிச்சமும் போயிரும். நம்ம ஆளுங்க வெட்டை யாரு பாக்கறா? போர்டைத்தான் பாப்பாங்க."

"போர்டைப் பாத்து வர்றவன் மனுசனே இல்ல."

"அப்ப எண்பத்தொண்ணுல முப்பத்தொரு போர்டை எதுக்குப்பா மாத்தினீங்க?"

"அது போராட்டம்."

"இதுவும் அதுதாம்ப்பா."

கேட்டீர்களா? என் வீட்டில், நான் சாப்பிடும் இடத்தில். எழுந்து கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன். அவள் விடவில்லை. "அந்தப் பேரை நாம பதியலேன்னா வேற எவனாவது பதிஞ்சிருவான். சங்கத்துப் பேர்லதான் பதியலாம்னு போனேன். சங்கமே இல்லையாமே?" என்றாள்.

சங்கம் இல்லாமல் எங்கே போயிற்று? நான் உயிரோடுதானே இருக்கிறேன்? நடந்தது என்னவென்றால், சங்கம் வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் படிவம் இங்கிலீஷில் மட்டும் வந்தது. தமிழில் படிவம் தரும்வரை ஓர் எழுத்தும் எழுதி அனுப்பமாட்டோம் என்று தீர்மானம் போட்டேன். மூன்று வருஷம் அனுப்பவில்லை. பதிவை ரத்து செய்துவிட்டார்கள். அதற்கப்புறம் தமிழ்ப் படிவம் வந்தது என்றார்கள். வரட்டும். வெற்றி நமக்குத்தான். ஆனால் இவள் அதைச் சாக்காக வைத்துக்கொண்டாள்.

பைபாஸில் அவள் கடை திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை சலூன் திறக்கிறவனை எங்கள் காலத்தில் தெருவில் நடக்கவிடமாட்டோம். இவள் திறப்பு விழாவே அன்றைக்கு வைத்தாள். கூப்பிட்டாள், போனேன். பார்க்கத்தான் போனேன். கதவைத் தள்ளினதும் குளிர், பாட்டு, அந்த வாசனை. சுவரில் என் படம்! ஆள் உயரத்துக்கு. கீழே 'எங்கள் நிறுவனர்'. போராட்டத்தில் சிறைக்குப் போய் வெளியே வந்தபோது சங்கத்து ஆட்கள் ஏழு பேர் சேர்ந்து எடுத்த படம் அது. ஆறு பேரை வெட்டி எறிந்துவிட்டு என்னை மட்டும் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். செயலாளரை நிறுவனராக்கினால் அது சங்கமா, சோப்புக் கம்பெனியா? படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது, அதைக் குறை சொல்லவில்லை.

தங்கப்பாண்டி என்று ஒருவன், முன்பு என் கடையில் வேலை பார்த்தவன். கறுப்புச் சட்டை போட்டு நிற்கிறான். சட்டையில் 'டோனி' என்று ஒரு பெயர் வில்லை. "என்னடா இது?" என்றேன். "உள்ள இருக்கறப்ப இதாண்ணே எம் பேரு" என்றான். பிடித்து இழுத்து வில்லையைக் கையோடு எடுத்துவிட்டேன். அவன் கெஞ்சினான்: "குடுத்துருங்கண்ணே. தங்கப்பாண்டின்னா எந்த ஊரு, யாரு மகன்னு தோண்டுவாங்க. டோனின்னா ஒருத்தனும் கேக்கறதில்லண்ணே." எவ்வளவு அடிமைப் புத்தி பாருங்கள். சொந்தப் பெயரை இழந்ததற்குச் சந்தோஷப்படுகிறான்! நாற்பது வருஷம் நான் என்னத்தைக் கத்தினேன்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காத்திருக்கிற இடத்தில் இரண்டு லாரிக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் நல்லசிவத்தின் பேரன். தாத்தா மாதிரியே மூக்கு. செல்போனைப் பார்த்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சரி, இதாவது மிச்சமிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நேரம் ஒரு வாலிபன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். போனில் எதையோ காட்டினான். வணக்கம் சொல்கிற அந்தப் பெண் பல்லைக் காட்டி, "வாங்க சார்" என்று நேரே நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று பேரைத் தாண்டி!

"யாருடா அவன்?" என்று தங்கப்பாண்டியைக் கேட்டேன்.

"நம்ம அழகன் பேரன்ணே, ராஜகுரு. சொட்டுநீர்ப் பாசனக் கடை வச்சிருக்காப்ல. கோல்டு கார்டு. கார்டு இருந்தா போன்லயே நேரம் வாங்கிக்கலாம், காத்திருக்க வேண்டாம்."

கோல்டு கார்டு! யாருக்காக அந்தச் சட்டம் வந்ததோ அந்த வீட்டுப் பிள்ளையே வரிசையை மிதித்துக்கொண்டு போகிறான். அவனுக்குச் சவரம் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கன்னம் முடிந்தது. நான் எழுந்து போய் நாற்காலியின் முதுகைப் பிடித்தேன்.

"தம்பி, எந்திரி."

கண்ணாடிக்குள்ளே என்னைப் பார்த்தான். "என்னங்கய்யா?"

"உனக்கு முன்னால மூணு பேரு உக்காந்திருக்காங்க. எந்திரி."

"நேத்தே நேரம் போட்டுட்டேங்கய்யா. யாரு வேணும்னாலும் போடலாம்."

"வந்த வரிசைதான் வரிசை. உங்க தாத்தாவுக்காகப் போட்ட சட்டம் இது. எந்திரி."

கனல்மொழி ஓடிவந்தாள். "அப்பா, கையை எடுங்க. முதல்ல கையை எடுங்க!" பாட்டை யாரோ நிறுத்தினார்கள். நல்லசிவத்தின் பேரன் எழுந்து, "விடுங்க பெரியவரே, அவரு முடிக்கட்டும், எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றான். அவனுடைய பெருந்தன்மை எனக்கு எதற்கு? நான் கையை எடுக்கவில்லை. அந்த வாலிபன் கண்ணாடியில் என் கையைப் பார்த்தான். பிறகு எழுந்தான். மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்து, மடித்து, நாற்காலியில் வைத்தான். "தாத்தா உங்களைப் பத்திச் சொல்லியிருக்காருங்கய்யா" என்றான். முகத்தைக்கூடத் துடைக்காமல் அந்த நுரையோடு வெளியே போனான்.

என்ன சொல்லியிருப்பார்? நாற்பத்துமூன்று நாள் போராட்டத்தைச் சொல்லியிருப்பார். வேறென்ன.

அடுத்து யார் உட்கார்ந்தார் என்று கேட்கிறீர்கள். வரிசைப்படி யாரோ அவர்தான். நல்லசிவத்தின் பேரன். நான்தான் உட்காரச் சொன்னேன். அவன் மாட்டேன், வேண்டாம் என்று நெளிந்தான். வரிசை என்றால் வரிசை, உட்கார் என்றேன். நான் ஆள் பார்த்து, வீடு பார்த்துக் கொள்கை பேசுகிறவன் இல்லை.

நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? வெயில் அடிக்கிறதா? திரையை இழுத்துவிடுங்கள்.

கனல்மொழி என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். "என்ன பண்ணீங்கன்னு தெரியுதாப்பா உங்களுக்கு?" என்றாள். "தெரியும். சட்டத்தைக் காப்பாத்தினேன்" என்றேன். "அவங்க தாத்தாவை எந்திரிக்கச் சொன்ன கடை எதுன்னு ராஜகுரு எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாருப்பா. உங்க வாயால வரட்டும்னுதான் கேக்காம இருந்தேன்" என்றாள். தெருவில் நின்று வாதம் செய்வது என் பழக்கமில்லை. "இனிமே இந்தப் படியை மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வாலிபன் போன பக்கம் ஓடினாள். மகள், நண்பரே. கனல்மொழி என்று நான் பெயர் வைத்த மகள்.

அப்போதுதான் கதவில் பார்த்தேன். நிமிர்வு என்ற எழுத்துக்கு மேலே மூலையில், எறும்பு மாதிரி இரண்டு இங்கிலீஷ் எழுத்து. தங்கப்பாண்டி சொன்னான்: "பேரைப் பதிய மனுப் போட்டிருக்குன்னு அர்த்தம்ணே. கனலக்கா பேர்ல." மறுநாளே திண்டுக்கல்லுக்கு வண்டி ஏறினேன். வக்கீலம்மா விசாரித்துச் சொன்னார். மனுவை வெளியிட்டாயிற்று, நான்கு மாதத்துக்குள் யாராவது ஆட்சேபம் கொடுக்காவிட்டால் பெயர் அவளுக்கு.

"சங்கம் சார்பா குடுக்க முடியாதுங்க, சங்கம் செத்துப்போச்சு. ஒண்ணு, பழைய கடைக்காரங்க எல்லாரும் சேர்ந்து 'இது எங்க பொதுப் பேரு'ன்னு கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா யாராவது ஒருத்தர் 'இது என் பேரு, எண்பத்தொண்ணுலருந்து என் தொழிலுக்கு நான்தான் வச்சிருக்கேன்'னு சொல்லணும்" என்றார்.

"ஒருத்தரா? அது எப்படிம்மா ஒருத்தர் பேராகும்? கையெழுத்து வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏறாத கடையில்லை. பதினோரு பேர் ஏற்கெனவே அவள் பக்கம் போய்விட்டார்கள், அந்தச் சிவப்பை உள்ளே அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள், "அப்பனும் மகளும் வீட்ல பேசித் தீத்துக்கங்க, எங்களை எதுக்கு இழுக்கறே?" என்கிறார்கள். எனக்கு முன்னால் கைகட்டி நின்றவர்கள்! கடைசியில் சந்தனமுத்துவிடம் போனேன். எண்பது வயது, இன்னும் கத்தி பிடிக்கிறான். அவன் போர்டு மட்டும் நான் எழுதினபடியே இருந்தது.

"கையெழுத்துத்தானே, போடறேன். அதுக்கு முன்னாடி இந்தப் போர்டைச் சுரண்டிட்டு ராஜாமணின்னு எழுதிக்கட்டுமா?" என்றான்.

"அது வேற விஷயம் சந்தனம். இது கொள்கை."

"அன்னைக்கும் இதையேதாம்ப்பா சொன்னே." கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான். "உம் மக வந்துச்சு. 'வெளிய உங்க போர்டு உங்க இஷ்டம் பெரியப்பா, ராஜாமணின்னே இருக்கட்டும், கீழ ஓரமா நம்ம பேரு இருந்தாப் போதும்'னுச்சு. பெயிண்டர் நாளைக்கு வர்றான்."

பாருங்கள் தந்திரத்தை. செத்தவள் பெயரைக் காட்டி ஆள் பிடிக்கிறாள். இதற்குத்தான் அந்த நாற்பது பக்கப் புத்தகம். ஒரு கையெழுத்துக்கூட விழவில்லை. முப்பத்தொரு கடையில் ஒன்றாவது, ஒன்றே ஒன்றாவது விழ வேண்டாமா?

ரெட்டியார்சத்திரம் தாண்டிவிட்டதா? சீக்கிரம் வந்துவிட்டானே.

ஆட்சேபத்தை நானே எழுதினேன். பதினோரு பக்கம். நல்ல அறிக்கை அது, அச்சடித்தால் ஊரே படிக்கும். போனில் வாசித்துக் காட்டினேன். வக்கீலம்மா ஐந்தாவது பக்கத்தில் நிறுத்திவிட்டார். "ஐயா, இவ்வளவும் வேண்டாம். ஒரு வரி வேணும். பேர் யாரோடது? அந்த இடத்தை நிரப்பிட்டு வாங்க, நான் அனுப்பிடறேன்" என்றார். இதோ, இந்தப் படிவம். தமிழில்தான் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் கேட்டேன் என்று. இங்கே ஒரு கோடு இருக்கிறது பாருங்கள், காலியாக. நான்கு நாளாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கம் என்று எழுதினால் செல்லாது. தொழிலாளர்கள் என்று எழுதினால் கையெழுத்து இல்லை. எழுதாமல் விட்டால் சாயங்காலத்தோடு பெயர் அவளுக்குப் போய்விடும். அவளுக்குப் போனால் என்ன என்கிறீர்களா? நீங்கள் வாயைத் திறக்கவில்லை, ஆனால் உங்கள் முகம் கேட்கிறது. போனால் அது என்னவாகும் தெரியுமா? அவள் சொல்கிறபடி ஆகும். அவளுக்கு வேண்டியவனுக்குக் கொடுப்பாள், வேண்டாதவனிடமிருந்து பிடுங்குவாள். எப்போது எப்படி மாற்றலாம் என்று ஒருத்தி முடிவு செய்வாள். ஓர் ஆள் கையில் இருக்கலாமா அந்த மாதிரிப் பெயர்? சொல்லுங்கள்.

உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள். அந்தப் பையையும் கொடுங்கள், மடியில் வைத்து எழுதிக்கொள்கிறேன். இதோ.

'நிமிர்வு என்னும் வணிகப் பெயரின் ஒரே உரிமையாளர்: சி. பரஞ்சோதி.'

ஒரே உரிமையாளர். நாற்பத்துநான்கு வருஷத்தில் என் கை இப்படி ஒரு வரி எழுதியதில்லை. குமட்டுகிறது, நிஜமாகவே குமட்டுகிறது. மை காயட்டும், மடிக்காதீர்கள். வண்டி இந்தக் குலுக்குக் குலுக்குகிறது, ஆனாலும் ஓர் எழுத்தாவது கோணியிருக்கிறதா பாருங்கள்.